டேட் இல்லாத ஜாடி

ஜூன் 2, ஞாயிறு

சோயா சாஸுக்கு டேட் மார்ச்சோடு முடிந்துவிட்டது. வினிகருக்குப் போன தீபாவளிக்கு முன்பே முடிந்துவிட்டது. தக்காளி சாஸ் பாட்டிலில் டேட் அடித்திருந்த இடத்தைக் கம்பி நார் போட்டுத் தேய்த்து அழித்து வைத்திருக்கிறாள் என் பெண்டாட்டி சௌந்தரம். கேட்டால், "பிசுபிசுன்னு இருந்துச்சுங்க, கழுவுனேன்" என்கிறாள். சாஸ் கம்பெனி சேல்ஸ்மேனாக மதுரை மாவட்டம் முழுக்கக் கடை கடையாக ஏறி டேட் போன சரக்கைப் பிடித்துத் திருப்பி எடுத்தவன் நான். தனுஷ்கோடி வருகிறான் என்றாலே கடைக்காரர்கள் பின்பக்கம் ஓடிப்போய் அலமாரியைத் துழாவுவார்கள். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, என் வீட்டு அடுப்படியே பெரிய டேமேஜ் குடோன் என்று.

இன்று இதில் இறங்கியதற்குக் காரணம் மகள் மதி. காலையில் ஓசூரிலிருந்து போன் செய்தாள். ஆறாம் மாதம் நடக்கிறது. ஜூலை 12 வெள்ளிக்கிழமை அங்கேயே ஏழாம் மாத வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், இது ஊர் உலகத்தில் உள்ளதுதான். ஆடி பிறப்பதற்குள் கூட்டி வந்துவிடலாம் என்றேன்.

"பாக்கலாம்ப்பா."

"என்னத்தப் பாக்கிறது? நாலு பேரு என்ன கேப்பாங்க என்னைய?" என்று கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். என் குரல் அப்படி.

பிறகு, "அந்த அடுப்படிய நினைச்சாலே பயமா இருக்குப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவள், பழையதைத் தின்று ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாள். படித்த பெண், விவரம் தெரிந்தவள். என் ரத்தம் அல்லவா! உடனே அடுப்படிக்குப் போய் ஒவ்வொன்றாக இறக்கினேன்.

"இந்த சாஸெல்லாம் நீங்க ஆபீஸ்ல இருந்து கொண்டாந்ததுதானங்க" என்றாள் சௌந்தரம். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பாட்டில் என் கையை விட்டுப் போய்விட்டது. அவள் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் அடித்துச் சிதறியது. அவள் மேல் படவில்லை. படாது என்று எனக்குத் தெரியும், என் கை அளவு தெரிந்த கை. சத்தம் கேட்டு எதிர் வீட்டுப் பாத்திமுத்து ஓடி வந்து, சுவரெல்லாம் சிவப்பைப் பார்த்து, "யா அல்லா!" என்று கத்தினார்.

"சாஸ்தாம்மா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் 3, திங்கள்

சட்னி அரைக்கவில்லை சௌந்தரம். இட்லிக்குப் பொடி மட்டும் வைத்தாள். பொடி என்றைக்கு அரைத்தது என்று கேட்டேன், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

இனி ஞாயிறுதோறும் செக்கிங் என்று சொல்லிவிட்டேன். பழையது முன்னால், புதியது பின்னால். ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்த லோடுமேன்களுக்கு ஒரே நாளில் புரிய வைத்திருக்கிறேன். இவளுக்கு முப்பது வருஷமாகப் புரியவில்லை.

மிளகாய்த் தூள் டப்பாவில் பழைய தூளின் மேலேயே புதுத் தூளைக் கொட்டி வைத்திருக்கிறாள். "எது பழசு, எது புதுசு, பிரிச்சுக் காட்டு" என்றேன். தூளைப் பிரிக்க முடியுமா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு தேவையா? டப்பாவை அவள் பக்கம் வேகமாகத் தள்ளினேன், மூடி திறந்துகொண்டது. முகத்தில் பட்டுவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தாள். குழாயைத் திறந்து அவள் தலையைப் பிடித்து நான்தான் காட்டினேன். அழுத்திப் பிடித்தால்தானே கண்ணுக்குள் தண்ணீர் போகும்? மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது என்று என் கையைப் பிறாண்டினாள். அவள் நகம் பட்டு எனக்கும் ரத்தம் வந்தது. அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

மத்தியானம் சாப்பாடு அரை மணி தாமதம்.

ஜூன் 12, புதன்

ஸ்டிக்கர் ரோல் வாங்கி வந்தேன். மாவடு, ஆவக்காய், எலுமிச்சை, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எல்லாவற்றிலும் ஒட்டியாகிவிட்டது. அடுப்படி இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆவக்காய்க்கு மட்டும் தகராறு.

"எந்தத் தேதி போட்ட?"

"பங்குனில போட்டேங்க."

"பங்குனில எந்தத் தேதி?"

"மாங்கா மலிவா வந்த அன்னைக்கு."

இவளோடு எப்படிக் குடித்தனம் செய்வது? ஜாடியோடு குப்பையில் போட்டேன். பாத்திமுத்து வீட்டுக்கு முன்பே ஒரு கிண்ணம் போயிருக்கிறது. அதையும் திருப்பி வாங்கி வரச் சொன்னேன், போகமாட்டேன் என்று நின்றாள். பிறகு போனாள்.

ஜூன் 16, ஞாயிறு

மாப்பிள்ளை ஜெகதீஷ் போன் செய்தார். நல்ல பிள்ளைதான், ஆனால் குரல் ரொம்ப மெது. "மாமா, இங்கயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, பிரசவத்த இங்கயே வச்சுக்கலாம்னு மதி சொல்றா. அத்தைய மட்டும் அனுப்பி வைங்க மாமா, போதும்" என்கிறார்.

அத்தையை மட்டும். அப்படியென்றால் நான் யார், கூட வந்த லக்கேஜா? பெண்ணைக் கூட்டி வந்து பிரசவம் பார்க்க வக்கில்லாதவன் என்று என் தம்பி முதற்கொண்டு பேசுவான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த யோசனை மதிக்குத் தானாக வந்திருக்காது. தினமும் போனில் குசுகுசுவென்று பேசி இவள்தான் ஏற்றி விட்டிருக்கிறாள். அடுப்படிக்குப் போனேன். பெருங்காய டப்பா ஏப்ரலிலேயே முடிந்து அலமாரியில் உட்கார்ந்திருந்தது. போன ஞாயிறு எப்படி என் கண்ணில் படாமல் போனது? ஒளித்து வைத்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கையைப் பிடித்துக் கேட்டேன். வளையல் உடைந்தது. கண்ணாடி வளையல் பிறகு எதற்கு இருக்கிறது, உடையத்தான்.

மணிக்கட்டில் துண்டு ஏறிவிட்டது. கையை உதறிக்கொண்டு பின்னால் போனவள் மேடை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டாள். போனவளை நான் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஒரு கையில் பெருங்காய டப்பா இருந்தது.

ஜூன் 17, திங்கள்

பாத்திமுத்து அவளைத் தெருமுனை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போயிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. நெற்றியில் தையல்.

"டாக்டர்ட்ட என்ன சொன்ன?"

"அடுப்படியில எண்ணெய் வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்."

அதுவும் சரிதான். கண்ட இடத்தில் எண்ணெயைச் சிந்தினால் வழுக்கத்தான் செய்யும். இனிமேல் துடைத்து வை என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பாட்டிலில் கூடக் குறை இல்லை. மிளகுத் தூள், கடுகு, ஜாம் எல்லாம் வரிசையாக, டேட் முன்பக்கம் தெரிகிறபடி. நான் உள்ளே வந்ததும் அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். செக்கிங் முடிகிறவரை அசையவில்லை. இவ்வளவு நாளும் இப்படி இருந்திருந்தால் எனக்கு ஏன் கோபம் வரப்போகிறது?

மதியின் மோவாயில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. இன்று ஏனோ ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஊறுகாய் பாட்டில் துண்டு தெறித்தது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நிற்காதே என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டாள். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றுகொள்வாள். அந்தத் தழும்பை மறைத்துக் கல்யாண போட்டோ எடுக்கப் போட்டோகிராபர் படாத பாடு பட்டான்.

ஜூன் 30, ஞாயிறு

நல்ல செய்தி. நானே மதிக்குப் போன் போட்டேன்.

"அப்பா, அம்மா குரலே ஒரு மாதிரி இருக்கு. வீடியோல வரச் சொன்னா வரமாட்டேங்கிறாங்க."

"ஜலதோஷம். அத விடு. அடுப்படிய வந்து பாரு, அசந்து போயிருவ. பழசு ஒண்ணு கிடையாது. அத்தனையும் மாத்தியாச்சு."

பிறகு, "நெசமாவே மாறிட்டீங்களாப்பா?" என்றாள்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன்னு சொல்றேன்ல? ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நானே பாக்குறேன்."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "சரிப்பா, வளைகாப்பு முடிஞ்சதும் வர்றேன்" என்றாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. சௌந்தரத்திடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே, "வர்றேன்னு சொன்னாளா? இங்கயா?" என்று கேட்டாள். நெற்றியில் தையல் போட்ட இடத்தைத் தொட்டுக்கொண்டாள்.

பெற்ற தாய் இப்படியும் இருப்பாளா?

ஜூலை 4, வியாழன்

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துக்கு சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வாங்கி வந்து வெயிலில் காய வைத்திருக்கிறாள். பாக்கெட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் புதுசு. பரவாயில்லை.

ஜூலை 8, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கிறது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

சனிக்கிழமை நடந்ததை எழுதி வைக்கிறேன். மதி வந்தால் தங்குகிற அறையில் பரணைக் காலி செய்து கொடுக்கலாம் என்று ஏறினேன். பித்தளை அண்டாவுக்குள் துணி சுற்றி ஒரு பீங்கான் ஜாடி. திறந்தால் உள்ளே கன்னங்கரேலென்று என்னவோ. டேட் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. ஒரு மாதமாக நான் செக்கிங் செய்கிறேன், என் தலைக்கு மேலேயே இது இருந்திருக்கிறது!

ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து சின்ன இரும்பு உரலில் சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழவு இது?"

பதறி எழுந்தாள். "அத வச்சிருங்க. உப்பு நார்த்தங்கா. மதி பெரியவளான வருசம் போட்டது."

"அந்த வருசமா? பதிமூணு பதினாலு வருசம் ஆச்சேடி!"

"பழசாகப் பழசாகத்தாங்க அது மருந்து. பிள்ள பெத்தவளுக்கு வாய்க்குப் பிடிக்காது, வயிறு மந்தமா இருக்கும். அப்பக் குடுக்கிறது. அவளுக்குன்னே வச்சிருக்கேன். வருசா வருசம் நீங்க லைனுக்குப் போனதும் மொட்டை மாடியில வெயில் காட்டி எடுத்து வைப்பேன்."

வருஷா வருஷம். நான் வெயிலில் கடை கடையாக அலைய, இவள் எனக்குத் தெரியாமல் மாடியில் டேட் இல்லாத சரக்கைக் காய வைத்திருக்கிறாள். பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறாள். என் பேரப்பிள்ளைக்குப் பால் கொடுக்கப்போகிறவள் வாயில் இந்தக் கருப்பு விஷத்தை வைப்பாளாம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஜாடியை ஓங்கித் தரையில் போட்டேன். பெரிய பெரிய துண்டாக உடைந்தது. நார்த்தங்காய் அடுப்படியெல்லாம் உருண்டது. அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்குகிற கையை மிதித்தேன். முடியைப் பிடித்துத் தூக்கினேன். மதி வந்தாலும் இதே கதிதான், அவளுக்கும் சேர்த்துத்தான் விழும், இந்த வீட்டில் நான் சொல்வதுதான் டேட் என்றேன்.

அப்படிச் சொன்னபோது அவள் அழவில்லை. அதுவரை அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் கால் வழுக்கிவிட்டது. உப்புத் தண்ணீர் சிந்தியிருந்தது. விழும்போது மணிக்கட்டில் ஒன்று, முழங்காலில் ஒன்று, தோளில் ஒன்று என்று அடி பட்டது. கீழே கிடந்து பார்த்தேன். சௌந்தரம் இரும்பு உலக்கையைப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்றாள். அதைக் கீழே வைக்கவில்லை.

"எந்திரிக்காதீங்க" என்றாள். "எந்திரிச்சீங்க, அடுத்தது மண்டையிலதான்."

நான் எழவில்லை. அவள் ஒரு கையில் உலக்கையோடு குத்தவைத்து உட்கார்ந்து, மறு கையால் நார்த்தங்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள். பீங்கான் சில்லு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். என் காலுக்குக் கீழே ஒன்று கிடந்தது. "கால நகத்துங்க" என்றாள். நகர்த்தினேன்.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டரம்மா நேற்றுக் கேட்டதை எழுத விட்டுவிட்டேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றார். சௌந்தரம் பக்கத்தில்தான் நின்றாள். நெற்றிக் காயம் இன்னும் ஆறவில்லை. அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று நானே முந்திக்கொண்டேன். பெண்டாட்டியிடம் அடி வாங்கினவன் என்று தெரிந்தால் நான் தெருவில் எப்படி நடப்பது?

"அடுப்படியில எண்ணெய் வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டு அடுப்படியில எல்லாருமே வழுக்கித்தான் விழுறீங்க" என்றார்.

"ஆமா டாக்டர்" என்றாள் சௌந்தரம். "நான் துடைச்சிட்டேன். இனிமே யாரும் விழ மாட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் என் துணிகளைப் பையில் அடுக்கினாள். "மதி பதினாலாம் தேதி வர்றா. பிள்ள பெத்து, பிள்ளைக்குத் தலை நிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பா. நீங்க அருப்புக்கோட்டையில உங்க தம்பி வீட்டுல இருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். என் வீட்டை விட்டு என்னைப் போகச் சொல்ல நீ யார் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். சுக்கு இடிக்கிற சத்தம் கேட்டது. ணங். ணங். கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பயமாக இருந்தது. யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன். பயமாகத்தான் இருந்தது.

ஜூலை 10, புதன்

பஸ் ஏறுவதற்கு முன் தண்ணீர் குடிக்க அடுப்படி வாசல் வரை போனேன். ஸ்டிக்கர் அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டாள். நார்த்தங்காயைக் கழுவிப் புது உப்புப் போட்டுத் தட்டில் பரப்பி ஜன்னல் வெயிலில் வைத்திருந்தாள். உள்ளே போகவில்லை. பாத்திமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆவக்காய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் குடித்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று வளைகாப்பு. கை சரியில்லாததால் வர முடியவில்லை என்று சொல்லியிருப்பார்கள். தம்பி போனில் போட்டோ காட்டினான். சௌந்தரம் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தம்பி வீட்டு அடுப்படியில் டேட் போன ஜாம் ஒன்று இருக்கிறது. பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். மாப்பிள்ளைதான் சொன்னார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மதி பேசினாள். பின்னால் குழந்தை கத்துகிற சத்தம். "அம்மா பழைய நார்த்தங்கா குடுத்தாங்கப்பா, இப்பத்தான் வாய்க்கு நல்லா இருக்கு, ரெண்டு வாய் சேத்துச் சாப்பிட்டேன்" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. இப்படி அவள் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். "வந்து பாத்துட்டுப் போங்கப்பா. அம்மா இருக்கும்போது வாங்க. ஹால்ல உக்காந்து பாக்கலாம்."

எனக்குப் பேத்தியைப் பார்க்க வேண்டும். ரொம்ப ஆசையாக இருக்கிறது. சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி உட்கார்ந்திருந்தேன். தம்பி பெண்டாட்டி உள்ளே சுக்குக் காப்பிக்கு இடிக்க ஆரம்பித்தாள். ணங் என்று முதல் சத்தம் வந்ததுமே கட்டுப் பிரித்த மணிக்கட்டு தானாக நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

"என்னண்ணே, பேத்தியப் பாக்கப் போகலையா? பஸ்ஸுக்கு நேரமாச்சே" என்றான் தம்பி.

"போகணும். ஆனா அந்த அடுப்படிய நினைச்சாலே பயமா இருக்குடா."

அவன் சிரித்தான். அடுப்படிக்கெல்லாம் யாராவது பயப்படுவார்களா என்றான். எனக்கு மட்டும் அந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பையிலிருந்து இந்த டைரியை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜூன் 2. மதி போனில் சொன்னது.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.